துரு என்று சொன்ன குழல்

கம்பெனியில் மெஷின் எண்ணெய் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. 1991இல், மண்ணூரில், அப்பா தன் பெல்ஜியம் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, கண்ணாடியாய் மின்னும் குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, 'டக்'கென்று மூடி, தோளில் மாட்டிக்கொண்டு வேர்க்கடலைக் கொல்லைக்குப் பன்றி விரட்டப் போவார்.

விலைக்குக் கேட்டு வந்த மெட்ராஸ்காரர் அதே குழலுக்குள் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உள்ள ஒரே துரு."

"துருவ வாங்கவா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. படிச்சவரு பொய் சொல்லுவாரா?" என்று அப்பா அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகு கொல்லையைக் கேட்டு வந்தவரும் அப்படியே உதட்டைப் பிதுக்கினார். "வெறும் பொட்டல்." அப்பா அதையும் நம்பினார்.

அந்தப் பொட்டலில்தான் இந்தக் கம்பெனி நிற்கிறது. நான் இங்கே கான்ட்ராக்டில் ஷிப்டு பார்க்கிறேன்.