பூட்டுனவங்கதான் திறக்கணும்

குறை சொல்வதற்கே சம்பளம் தருகிற வேலை உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? செக்கிங் அக்காவுக்கு வாய்த்தது. சட்டைக் கம்பெனியில், தைத்து வரும் உருப்படிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோணல் தையல், விட்டுப்போன பொத்தான், கறை, சுருக்கம் என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. பாதி வயது அதிலேயே போயிற்று. சொந்தப் பெயரை மறந்து தெருவே அவளைச் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிட்டது. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. லிப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"என்னங்க, ரெண்டாவது பட்டன் தொங்குது."

"மனுஷன் உள்ள வரட்டும்மா. அப்புறமா பட்டனைப் பாரு."

அந்த மனுஷனிடம் இருந்த ஒரே குறை, எதையும் தூக்கிப் போட மாட்டார் என்பதுதான். ஒரே குறை என்றாலும் அது வீடு நிறைய இருந்தது. கழற்றிய மோட்டார், ஓடாத மின்விசிறி, கால் போன ஸ்டூல் எல்லாம் கட்டிலுக்கு அடியில் குடியிருந்தன. அவள் குப்பையில் போட்டுவிட்டு வருவாள். அவர் பின்னாலேயே போய் எடுத்துக்கொண்டு வருவார். "ஒரு நாளைக்கு உதவும்" என்பார். அந்த ஒரு நாள் மட்டும் வந்ததே இல்லை.

ஒரு காலையில் கம்பெனி வாசலில் பூட்டுத் தொங்கியது. கணக்கு முடித்துக் கொடுத்த தொகையை என்ன செய்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஓட்டல் மாடியில் இலவசக் கூட்டம் நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். டை கட்டிய ஒருவர் மேடையில் குதித்துக் குதித்துப் பேசினார். பழைய வீட்டை மலிவாக வாங்கு, பழுது பார், பெயிண்ட் அடி, நல்ல விலைக்கு விற்றுவிட்டு அடுத்ததற்குப் போ. அவ்வளவுதான் விஷயம். செக்கிங் அக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குறை கண்டுபிடித்துச் சரி செய்கிற தொழில்! இத்தனை நாளாகச் சட்டையில் செய்ததைச் சுவரில் செய்ய வேண்டியதுதானே?

"அந்த டைக்காரர் சொந்த வீட்டுலயா இருக்காரு?" என்று கேட்டார் புருஷன்.

"வாடகை வீடுதானாம். அதுக்கு என்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

மூடிக் கிடந்த ஒரு பழைய பெண்கள் விடுதியைத் தரகர் காட்டினார். இரண்டு மாடி, மாடிக்கு மாடி தீப்பெட்டி தீப்பெட்டியாக அறைகள். ஓதம் ஏறிய சுவர், ஒழுகும் குழாய், கதவெல்லாம் முனகும். அக்கா உள்ளே போய்விட்டு வெளியே வந்தபோது, தரகர் தனக்கே தெரியாத குறைகளையெல்லாம் கேட்டு அரண்டுபோய், சொன்ன விலையிலிருந்து தானாகவே இறங்கினார். அப்படியும் கைப்பணம் போதவில்லை. குடியிருந்த வீட்டின் பத்திரத்தைப் பேங்கில் வைத்தார்கள். புருஷனின் சம்பளம் முழுவதும் நேராகத் தவணைக்குப் போயிற்று. மீதியை விடுதியை விற்றுத்தான் அடைக்க வேண்டும். விற்காமல் போனால் குடியிருந்த வீடும் போய்விடும்.

நாத்தனார் விடுவாளா? "தம்பி, நல்லா கேட்டுக்கோ. உன் பொண்டாட்டி உன்னை நடுத்தெருவுல நிறுத்தாம விட மாட்டா."

"அண்ணி, நடுத்தெருவுல நின்னா அவரை மட்டுமா நிறுத்துவேன்? நானும் கூடத்தானே நிப்பேன்" என்றாள் அக்கா. வாய்தான் அப்படிச் சொன்னது. அன்று ராத்திரி தவணைக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள்.

வேலை ஆரம்பமானது. கொத்தனார் பூசிய சுவரில் அக்கா டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்து மேடுபள்ளம் பார்த்தாள். "அக்கா, இது சுவரு, சட்டை இல்ல" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே மறுபடி பூசினார். ஓதம் போனது, வயர் மாறியது, குழாய் வாயை மூடியது. பழைய தேக்குக் கதவு, ஜன்னல், பித்தளைக் குழாய் எல்லாவற்றையும், புதுசு மாட்டுவதற்காகக் கழற்றி வாசலில் போட்டார்கள். மறுநாள் வாசல் காலி. எல்லாம் மாடியில் கடைசி அறைக்குள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"தேக்கும்மா! இதைப் போய் யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா? விக்கும்போது எடுத்துடறேன்" என்றார் புருஷன்.

அதோடு நின்றாரா? தெருவில் யார் புலம்பினாலும் இளகிவிடுகிற மனசு அவருக்கு. பேண்ட் வாத்தியக்காரர் டிரம்மை வைக்க வீட்டில் இடமில்லை என்று அழுதார். "நம்ம விடுதியில வைங்க, அண்ணே." துணிக்கடைக்காரர் கை உடைந்த பொம்மைகளை என்ன செய்வதென்று முழித்தார். "கொண்டு வாங்க, இடமா இல்ல?" அக்கா பெயிண்ட் கடைக்கும் டைல்ஸ் கடைக்கும் அலைந்துகொண்டிருந்த நேரத்தில், பெயிண்ட் காய்ந்த அறைகள் ஒவ்வொன்றாக நிரம்பின. பழைய பீரோ, மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு யாருக்கும் வேண்டாத தொட்டில், இன்னும் என்னென்னவோ.

வீட்டை விலை பேச ஒரு பல் டாக்டர் மறுநாள் வருவதாகத் தரகர் சொன்ன அன்றைக்குத்தான் அக்கா எல்லா அறையையும் திறந்து பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் புருஷன் படியிறங்கி ஓடினார்.

"யோவ்! நான் விக்கறதுக்கு வீடு கட்டுறேன், நீங்க ஊருக்குக் குப்பைத் தொட்டி கட்டுறீங்களா?"

சாமான் வைத்தவர்களிடம் கெஞ்சிப் பார்த்தாள், ஒருத்தரும் அசையவில்லை. "அடுத்த வாரம் எடுத்துடறோம்கா" என்று ஒரே ராகம் பாடினார்கள். அக்காவுக்கு ஒரு குறுக்கு யோசனை தோன்றியது. ஓசி என்பதால்தானே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்? வாடகை என்று சொன்னால் விழுந்தடித்துக்கொண்டு தூக்கிக்கொண்டு போவார்கள். வாசலில் நின்று கூச்சம் பார்க்காமல் அறிவித்தாள்: இன்றிலிருந்து அறைக்கு இவ்வளவு வாடகை, கட்ட முடியாதவர்கள் பொழுது சாய்வதற்குள் காலி செய்ய வேண்டும்.

பொழுது சாய்வதற்குள் எல்லாரும் வந்தார்கள். தூக்கிக்கொண்டு போக அல்ல, வாடகை கட்ட. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா, ஓசியில வச்சிருக்கோமேன்னு ஒரே உறுத்தலா இருந்துச்சு" என்றார் பேண்ட்காரர். துணிக்கடைக்காரர், இனி கூச்சமில்லை என்று இன்னும் நாலு பொம்மைகளைக் கொண்டுவந்தார்.

மறுநாள் பல் டாக்டர் வந்தார். முதல் கதவைத் திறந்ததும் தலையில்லாத பொம்மைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து "ஐயோ" என்று பின்வாங்கினார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, நாத்தனார் வாய் பலித்துவிட்டது என்று நினைத்தாள். டாக்டர் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"வீடு எனக்கு வேண்டாம்மா. ஆனா ஒரு ரூம் கிடைக்குமா? என்னோட முதல் பல் நாற்காலி ஒண்ணு இருக்கு. வீட்டுல வச்சா விவாகரத்துங்கறா."

அவர் வாடகையை முன்கூட்டியே கட்டிவிட்டுப் போன பிறகு, அக்கா படியில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டாள். இன்னும் இரண்டு மூன்று அறை நிரம்பினால், புருஷன் சம்பளத்தோடு சேர்த்துத் தவணையைத் தட்டுத் தடுமாறிக் கட்டிவிடலாம். மனிதர்களைக் குடிவைத்தால் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்பார்கள். பீரோ எதுவும் கேட்காது. விற்கிற எண்ணத்தை அன்றைக்கே விட்டாள்.

சாமான் கிடங்குக்கென்று அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பூட்டுனவங்கதான் திறக்கணும். பூட்டும் சாவியும் அவரவருடையது, மாற்றுச் சாவி அவளிடமே கிடையாது. அந்தச் சட்டத்தை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள். பேண்ட்காரர் மட்டும் ஒரு நாள் கொக்கி போட்டார்.

"அது சரி, உங்க வீட்டுக்காரர் சாமானுக்கு மட்டும் ஓசியா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. நேராகப் புருஷனிடம் போனாள். "வாடகை கட்டுங்க."

"நானா? என் சம்பளம்தான் முழுசா பேங்குக்குப் போகுதே. நான் எங்க போறது?"

"அப்ப சாமானைத் தூக்கிப் போடுங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். ஆனால் மாதம் பிறந்ததும் வாடகையை நீட்டினார். ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் ஒரு நாள் தவறவில்லை. எங்கேயோ கூடுதல் வேலை பார்க்கிறார் போல என்று அக்கா நினைத்தாள். தேக்குக் கதவைப் பிரிய மனமில்லாமல் இப்படி ஓடி உழைக்கிற ஆளைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் தங்கள் சாமானை எட்டிப் பார்க்க வருவார்கள். புருஷனும் கடைசி அறையைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வார். நெடுநேரம் கழித்து வந்து, "எல்லாம் பத்திரமா இருக்கு" என்பார்.

வருஷங்கள் ஓடின. ஒரு தவணைகூடத் தவறவில்லை. பேங்கிலிருந்து பத்திரம் கைக்குத் திரும்பிய அன்று அக்கா அதை மாரோடு அணைத்துக்கொண்டு தெருவென்றும் பாராமல் அழுதாள். அந்த வாரமே இன்னொரு பழைய வீட்டைப் பார்க்கப் போனாள். பக்கத்து வீட்டில் அதே கொத்தனார் வாசல் கதவு மாட்டிக்கொண்டிருந்தார். தேக்குக் கதவு. கீழ் மூலையில் நீளவாக்கில் ஒரு கீறல், அதற்கு மேலே தாழ்ப்பாள் கோணல். அவள் கண் குறையை மறக்குமா?

"இது எங்க விடுதிக் கதவாச்சே?"

கொத்தனார் நெளிந்தார். "உங்களுக்குத் தெரியாதாக்கா? அண்ணன் மாசம் பொறந்தா ஒரு கதவு, இல்ல ஒரு ஜன்னல்னு எனக்குக் குடுப்பாரே. எல்லாம் எப்பவோ தீந்துபோச்சு. இது முன்னாடி வாங்கி வச்சது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கடைசி அறைக் கதவை இடித்தாள். "திறங்க!"

"பூட்டுனவங்கதான் திறக்கணும்" என்றது உள்ளேயிருந்து தூக்கக் குரல். பிறகு தாழ் விலகியது.

அறை வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு பாய், ஒரு தலையணை, ஜன்னலோரமாக ஒரு கால் போன ஸ்டூல்.

"அடப்பாவி மனுஷா! கதவெல்லாம் எங்க?"

"கதவுக்கு வாடகை கட்டத்தான் கதவை வித்தேன்" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

"தீந்த பிறகு?"

"என்னோட பழைய மோட்டாரு, மின்விசிறி எல்லாம் போச்சு. கட்டிலுக்கு அடியில நீ பாக்கவே இல்லையா?"

பார்க்கவில்லை. ஊர்க் குறையெல்லாம் கண்ணில் பட்டவளுக்கு, தன் வீட்டில் ஒரு குறை குறைந்துபோனது தெரியவில்லை. எதையும் தூக்கிப் போடாத மனுஷன் எல்லாவற்றையும் விற்று, வெறும் அறைக்கு அவளிடமே வாடகை கட்டியிருக்கிறார்.

"காலி ரூமுக்கு எதுக்குங்க வாடகை?"

"நான் ஒரு மாசம் நிறுத்தினாலும் தவணைக்குத் துண்டு விழும்னு எனக்குத் தெரியாதா? அதுவும் இல்லாம..." அவர் பாயைத் தட்டிக் காட்டினார். "பட்டன் தொங்குதுன்னு யாரும் சொல்லாத இடம் இந்த வாடகைக்கு வேற எங்க கிடைக்கும்?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவர் சட்டையில் இரண்டாவது பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, "நகருங்க" என்று சொல்லிப் பாயில் பாதியைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டுன வாடகையைத் திருப்பித் தருவியா?"

"நினைப்புதான்."

வெளியே தடதடவென்று கதவு தட்டும் சத்தம். நாத்தனார். "அந்தக் கொத்தனார் சொன்னான், இந்த ரூம் காலியாத்தான் கிடக்காமே? என் சோபாவை எடுத்துட்டு வந்துட்டேன். வாடகை ரெண்டு மடங்கு வேணும்னாலும் தர்றேன்."

இத்தனை வருஷத்தில் வாடகைக்கு வந்த யாரையும் அக்கா திருப்பி அனுப்பியதில்லை. எழுந்து போய்க் கதவுத் தாழை இன்னும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள்.

"இல்ல அண்ணி. இங்க ஆள் இருக்கு."