அம்மா சாயம் பூசிக்கொண்ட நாள்

அம்மாவுக்கு நாற்பது வயதில் மறுபடியும் பிள்ளை உண்டானபோது, அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவே வாய்க்குள் சிரித்தது. எனக்கு மட்டும் தம்பி வரப்போகிறான் என்று கொண்டாட்டம்.

புளியங்குடியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கண்ணாடிப் பக்கமே போகாத அம்மா, கடைக்குச் சரக்கெடுக்க மதுரைக்குக் கிளம்பிய அப்பாவிடம் தலைச்சாயம் வாங்கிவரச் சொன்னாள். அப்பா திகைத்தாலும் வாங்கி வந்தார். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், அம்மா ஒரு குச்சியில் துணியைச் சுற்றி நரையெல்லாம் தடவிக்கொண்டாள். வீடு முழுக்க நெடி.

பொழுது சாய்வதற்குள் நெற்றி தடித்து, கண்கள் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. அம்மா முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள அசையக் காணமே" என்றாள்.

அப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தடிப்பில் பூசப் புற்றுமண் வாங்கிவர என்னைக் கோயிலுக்கு விரட்டினார்கள். மண்ணை மடியில் இறுக்கிக்கொண்டு, தம்பி செத்திருக்கக் கூடாது என்று வேண்டியபடியே ஓடிவந்தேன். அதற்குள் நர்சம்மா வந்து, அம்மாவின் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"வாயும் வயிறுமா இருக்கையில இத ஏன் போட்டிய? மருதாணி அரைச்சுப் பூசினா ஆகாதா?"

"அது செவப்பால்லா நிக்கும்."

"செவந்தா செவந்துட்டுப் போகுது. புள்ளய விடவா கறுப்பு பெருசு?"

நர்சம்மா மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். இடம் மாற்றி மாற்றி வைத்தாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் நர்சம்மாவின் முகம் தளர்ந்தது.

"துடிப்பு நல்லாத்தான் கேக்கு. பயப்படாதிய."

நான் பின்வாசலுக்கு ஓடினேன். அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "அழாதக்கா, தம்பி உசுரோட இருக்கான்" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள்.

பெண் பார்ப்பது தள்ளிப்போயிற்று. பிறகு அவர்கள் வந்தபோது, உள்ளறையில் ஒதுங்கியிருந்த அம்மாவை அக்காவே கைப்பிடித்துக் கூட்டிவந்து, நரைத்த தலையோடு முன்னால் உட்காரவைத்தாள். கல்யாணம் நிச்சயமாயிற்று. பிறந்தது தங்கச்சி.

நான் பெரியவளான பிறகு ஒருநாள், தலைவாரிவிட்டபடியே அம்மா சொன்னாள்: "நரைச்ச தலையும் வயிறுமா அவங்க முன்னால வந்து நிக்காதன்னு உங்க அக்காதான் சொன்னா. பாவம், சின்னப் புள்ளதான அவ?"

அக்கா அன்று பின்வாசலில் பயத்தில் அழுதாள் என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.