சுருதி இறங்கிய ஆல்பம்

ஹூஸ்டனில் தொண்டை மருத்துவர்கள் நடத்தும் ஒரு கிளினிக்கில் குரல் சிகிச்சை அளிப்பது என் வேலை. பேசிப் பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொண்ட ஆசிரியர்களும் பாதிரியார்களும்தான் அதிகம் வருவார்கள். பாடகர்கள் அபூர்வம். அந்த அம்மா வந்தபோது அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஐம்பதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. குரல் நாணில் வளர்ந்திருந்த கட்டியை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். என்ன வேலை என்று கேட்டேன். “சோல் இசை பாடுகிறேன். பாடினேன்” என்று காற்று கலந்த குரலில் திருத்திச் சொன்னார்.

சர்ச் பாட்டின் உருக்கத்தைக் காதலுக்கும் பிரிவுக்கும் கொண்டுவந்த இசை அது என்ற அளவுக்குத்தான் எனக்கு விஷயம் தெரியும். நோயாளிகளைப் பற்றி வீட்டில் பேசும் வழக்கமில்லை. அன்று மாலை, ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில், எங்கள் சமையலறையில் சாம்பார் கொதிக்கக் கொதிக்க, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவருடைய பழைய பாட்டு ஒன்றைக் கேட்டேன். முடியும் இடத்தில் குரல் மேலே போய், அங்கிருந்து இன்னும் மேலே போனது. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி கேட்டேன். மறுநாள் அந்தத் தொண்டைக்குச் சிகிச்சை அளிக்க வேண்டியவள் நான் என்பது பயமாக இருந்தது.

எங்கள் பயிற்சிகள் பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு போல இருக்கும். தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை வைத்துக் குமிழி விட்டபடியே ராகம் இழுக்க வேண்டும். “இத்தனை வருஷம் மேடையில் பாடியவளை இப்படி ஆக்கிவிட்டாயே, ஹனி” என்று செல்லமாக அழைத்துச் சிரிப்பார். ஆனால் ஒருநாளும் தவறவிட்டதில்லை. வாரங்கள் போகப்போக நடுக்குரல் திரும்பியது. கீழ்க்குரல் முன்பைவிடக் கனத்துத் தெளிவாக வந்தது. மேலே மட்டும் ஒன்றும் எழவில்லை.

ஒருநாள் நேராகக் கேட்டார். “அந்த உயரம் திரும்பி வருமா?”

“வரும் என்று என்னால் சொல்ல முடியாது. கீழே இருப்பது நன்றாக இருக்கிறது” என்றேன்.

கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை வரவில்லை. அதற்கும் அடுத்த முறை வந்து உட்கார்ந்து, ஸ்ட்ராவைக் கையில் எடுத்தபடி, “சரி, கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்” என்றார்.

ஒரு புதிய ஆல்பத்துக்கான பாட்டுகளை அறுவைக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். எல்லாவற்றையும் சுருதி இறக்கிப் பாட முடிவு செய்தார். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டுமென்று என்னையும் ஸ்டுடியோவுக்கு அழைத்தார். அங்கே கீபோர்டு வாசித்தவர் அவருடைய பல வருடத்துத் தோழர். “இவ்வளவு இறக்கினால் பாட்டு தூங்கிவிடும்” என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

“நீ தூங்காமல் வாசி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அந்த அம்மா கண்ணாடிக்கு அப்பால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடி பாடினார். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சேதி சொல்வது போலப் பாடினார். கடைசி வரியில் குரல் லேசாகக் கரகரத்தது. நிறுத்தச் சொல்லலாமா என்று எழுந்தேன். கீபோர்டுக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். “இன்னொரு தரம் பாடட்டுமா?” என்று அந்த அம்மா கேட்டதற்கு, “வேண்டாம், இதுவே இருக்கட்டும்” என்றார் கீபோர்டுக்காரர்.

ஆல்பம் வெளிவந்ததும் வந்த வரவேற்பு நல்லதாக இல்லை. குரல் போய்விட்டது, மரியாதையாக ஓய்வு எடுத்திருக்கலாம் என்று இணையத்தில் ரசிகர்களே எழுதினார்கள். ஒரு விமர்சகர் பழைய நெருப்பு இல்லை என்று வருத்தப்பட்டார். மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். என் வேலைக்கும் சேர்த்தே மார்க் போடுகிறார்கள் என்று தோன்றியது.

அவரோ அடுத்த முறை வந்தபோது நிதானமாக இருந்தார். “போனது போனதுதானே, ஹனி. அவர்கள் பொய் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கட்டும்.”

கேட்டார்கள். உள்ளூர் வானொலியில் ஞாயிறு காலை நிகழ்ச்சி நடத்தும் ஒரு பெண் ஸ்டுடியோவில் நான் கேட்ட அந்த மெதுவான பாட்டை ஒலிபரப்பினார். மீண்டும் போடச் சொல்லிப் போன் வந்துகொண்டே இருந்ததாம். வேலை முடிந்து வீடு திரும்பும் நர்ஸுகள், விவாகரத்தானவர்கள், அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த ஒருவர். பிறகு வேறொரு விமர்சனம் வந்தது. உயரத்தைத் தேடாமல் கேட்டால் இதுதான் அவருடைய சிறந்த ஆல்பம் என்றது.

ஒரு சிறிய அரங்கில் நிகழ்ச்சி வைத்தார். “குடும்பத்தோடு வா. நீ கேட்ட மாதிரி என்னைப் பற்றி எழுதினாலும் சரி, பெயர் மட்டும் போடாதே” என்றார். கணவரையும் பள்ளி கொயரில் பாடும் மகளையும் அழைத்துப் போனேன். பாதியில் யாரோ, நான் சமையலறையில் கேட்ட அந்தப் பழைய பாட்டைப் பாடச் சொன்னார்கள். அவர் தலையாட்டிவிட்டு, சுருதி இறக்கி ஆரம்பித்தார். அந்த உச்சி வரும் இடத்தில் பாடாமல் நின்றார். கூட்டம் தானாகவே அதை எடுத்துக்கொண்டு மேலே போனது. என் மகளும் எழுந்து நின்று பாடினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை குரல்களுக்கும் அடியில் ஒரு கீழ்ச் சுரத்தைப் பிடித்து நீளமாக இழுத்தார்.

காரில் மகள், “அம்மா, தட் லோ நோட். ஐ வான்ட் டு சிங் லைக் தட்” என்றாள்.

“எனக்குப் பாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா நாளைக்கு ஆபீஸ் போறப்ப இதைப் போட்டுட்டு drive பண்ணலாம்னு இருக்கு” என்றார் கணவர். அதற்குப் பிறகு ஃப்ரீவே நெரிசலில் அவர் ஹாரன் அடிப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சென்ற வாரம் அந்த அம்மா விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். கலிஃபோர்னியாவில் மூன்று ஊர்களில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். விமானத்தில் தொண்டை வறண்டு போகாமல் இருக்க என்ன செய்வதென்று கேட்டார்.

“தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். யாரோடும் பேசாதீர்கள்.”

“பக்கத்து சீட்டுக்காரர் என் ஆல்பத்தைக் கேட்டவராக இருந்தால்?”

“அப்படியென்றால் கொஞ்சம் பேசலாம்” என்றேன்.