சாகப் பஞ்சிப்படும் கலங்கள்

ஆய்வுகூடத்தில் வெந்து நொந்த சகோதரங்களே, கோழி வளர்ப்பவருக்காவது கடைசியில் கறி கிடைக்கும். கொல்வதற்கென்றே ஊட்டி வளர்க்கிற நமக்கு அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

குருதிப் புற்றுநோய்க் கலங்களை, அதுதான் செல்களை, தட்டில் வளர்த்து, இலையொன்றிலிருந்து பிரித்த இரசாயனத்தை விட்டு, அவை தாமாகச் சாகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ஞாயிறும் அவற்றின் சாப்பாடான ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். கோப்பாயில் நான் பஸ்ஸுக்கு ஓட, அம்மா பின்னால் கத்துவா: "ஊரெல்லாம் நோய் மாறக் கும்பிடுது, நீ நோய்க்குச் சோறு தீத்தப் போறாய்!"

ஸ்டெலா அக்காவின் கேள்வி

என்னோடு வேலை செய்யும் ஸ்டெலா அக்கா குருநகர்க்காரி. அவவின் அண்ணன் மகள் இதே நோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். "சாகச் சொன்னாச் சாகுமோ?" என்று கேட்டா. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் சாவதற்கான ஏற்பாடு இருக்கிறது, சமிக்ஞை வந்தால் உள்ளிருக்கும் நொதியங்களே அதை வெட்டித் துண்டாக்கும், புற்றுநோய்க் கலம்தான் அந்தச் சமிக்ஞையைக் கணக்கெடுக்காது என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப உதுகளுக்குச் சாகத் தெரியும், பஞ்சியிலை சோம்பிக் கிடக்குதுகள் எண்டு சொல்லு!"

அம்மாவின் அருச்சனை

அந்தக் கலங்கள் நாசமாய்ப் போகவேண்டுமென்று அம்மா வெள்ளிக்கிழமை அருச்சனை செய்தா. அன்றைக்கே கரண்ட் போய் வந்த அடியில் வளர்ப்புப் பெட்டி கொதித்து, மருந்து விட்ட தட்டும் விடாத தட்டும் ஒன்றாய் அவிந்துபோயின. ஐயோ, சமிக்ஞை கேட்டுச் சாகாத சாவு எனக்கெதற்கு? கலங்களை உறைய வைத்த ஒரேயொரு குழாய்தான் மிச்சம். அதுவும் போனால் ஸ்டெலா அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பேன்? நான் அழாக்குறையாய் வந்து நிற்க, அம்மா சொன்னா: "பாத்தியே, பிள்ளையார் கையோடை தந்திட்டார்!"

கடைசிக் குழாய்

திரும்ப வளர்த்து, திரும்ப மருந்து விட்டேன். இருப்புக்கொள்ளவில்லை. பெட்டிக் கதவைத் திறந்து திறந்து பார்த்து அக்காவிடம் ஏச்சு வாங்கினேன். மருந்து விடாத தட்டில் கலங்கள் மினுமினுவென்று உருண்டையாய் இருந்தன. மருந்து விட்டதில் சுருங்கி, கொதிக்கும் கஞ்சி மாதிரிக் கொப்பளித்து, வெடிக்காமல், சமிக்ஞை கேட்டுத் தாமாகவே துண்டு துண்டாயின. சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன்!

ஸ்டெலா அக்கா நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்தா. "உது எங்கடை பிள்ளைக்கு எப்ப மருந்தாய் வரும்?" பொய் சொல்ல வாய் வரவில்லை. "இது தட்டுத்தான் அக்கா. உடம்பிலை எப்பிடியெண்டு பாக்கக் கன வருசம் எடுக்கும். வராமலும் போகலாம்." அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு கையுறையை மாட்டினா. "அப்ப என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அடுத்த தட்டை எடு!"

கலத்துக்குச் "சா" என்று சொல்லும் இரசாயனம் கைக்கு வந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் "பொறு" என்று சொல்லும் ஒன்றுதான் இன்னும் அகப்படவில்லை.