ஒரு வாடையும் ஐந்து 'ஏன்'களும்

ஜன்னலுக்கு வெளியே போய்விட்ட வாடை நம்முடையது இல்லை – இப்படித்தான் போன மாதம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயது. இந்தப் பத்தியில் வாரா வாரம் உங்களுக்குப் புத்தி வேறு சொல்கிறவன்.

நான் குட்டி மாடல் வண்டிகள் செய்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது கையில் இருப்பது, ஒரகடம் ரோட்டில் தினமும் என் ஸ்கூட்டரை மறித்து நிற்கும் கார் ஏற்றும் டிரெய்லர். ஒரு முழ நீளம். முதுகில் எட்டுக் குட்டிக் கார்கள். பிரஷ்ஷால் பெயின்ட் அடித்தால் சுண்ணாம்பு பூசிய சுவர் போல இருக்கும். வீட்டுக்குள் ஸ்ப்ரே அடித்தால்... மனைவி காரோடு என்னையும் வெளியே வைத்துவிடுவாள்.

ஆகவே ஒரு ஸ்ப்ரே பூத் செய்தேன். பெரிய பிளாஸ்டிக் பெட்டியைப் படுக்க வைத்து, பின்பக்கம் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். பெயின்ட் தூளைப் பிடிக்க அதற்கு முன்னால் ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர். காரை வைத்துச் சுற்ற, கேக்குக்கு கிரீம் பூசும் சுழல் தட்டு – மனைவியுடையது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். ஃபேனிலிருந்து சமையலறைச் சிம்னிக் குழாய் ஒன்று பாத்ரூம் ஜன்னல் வழியாக வெளியே. வெளியே என்றால்? ஃபிளாட்டின் எல்லா பாத்ரூம் ஜன்னல்களும் திறக்கும் குறுகலான சந்துக்கு. டக்ட் என்பார்கள்.

முதல் ஞாயிறு இரண்டு வெள்ளைக் கார் அடித்தேன். அறையில் துளி வாடை இல்லை. எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ். 'ஏதோ கெமிக்கல் ஸ்மெல்.'

சுற்றிலும் கார் கம்பெனிகள் இருக்கும் இந்தப் பக்கம் குடியிருப்பவனுக்கு வாடை என்றாலே கம்பெனிதானே? மாஸ்க்கோடு ஓடினேன் – பெயின்ட் அடிக்கப் போட்டிருந்த அதே மாஸ்க். கதவு கதவாகத் தட்டி, "ஜன்னலை மூடுங்க, எந்தக் கம்பெனிலயோ லீக்" என்று கத்திக்கொண்டே நாலு மாடியும் ஏறினேன். என் வீட்டில் ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு நேர் மேல் வீடு தனத்துடையது. வடக்குப்பட்டுக்காரர். மகள் ரேவதி ஏழு மாத வயிற்றோடு பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

"இன்னொரு வாட்டி இந்த நாத்தம் வந்துச்சுன்னா இவள மாமியார் வூட்டுக்கே அனுப்பிடுவேண்ணா. அங்க காஞ்சிபுரத்துல காத்தாவது நல்லா கீது."

"அங்க போனா பகல்ல ஒரு மணி நேரங்கூட படுக்க வுட மாட்டாங்க மாமா," என்றாள் ரேவதி என்னிடம். அம்மாவிடம் சொன்னால் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும்.

"அந்தக் கம்பெனிய நான் சும்மா வுட மாட்டேன்மா," என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஃபிளாட்டில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். வேறு இடமாக இருந்தால் மனு எழுதியிருப்பார்கள். இங்கே, கீழ் வீட்டுக் குமரேசன் – கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர் – கையைத் தூக்கினான்.

"டேட்டா இல்லாம எவனையும் கேக்க முடியாது சார். வாடை வர்ற நேரத்தை லாக் ஷீட்ல எழுதுவோம். அப்புறம் வொய்-வொய் போடுவோம்."

அதாவது, ஒரு கோளாறுக்கு ஐந்து முறை 'ஏன்' கேட்டால் ஆணிவேர் வந்துவிடுமாம். லாக் ஷீட்டை யார் எழுதுவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுத்தாளன் அல்லவா.

மற்ற வீட்டுக்காரர்கள் சொன்ன நேரங்களை எழுதினேன். ஞாயிறு, பத்து முதல் ஒன்று வரை. அடுத்த ஞாயிறு, பத்து முதல் ஒன்று வரை. மூன்றாம் ஞாயிறும் அதே. அன்று மதியம் மீட்டிங். கிளம்பும்போதுதான் தாளை ஒருமுறை முழுதாகப் பார்த்தேன். முதல் வாரம் – வெள்ளைக் கார். இரண்டாம் வாரம் – சிவப்பு. இன்று – நீலம்...

மூன்றுமே நான் ஸ்ப்ரே அடித்த நேரம்.

என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றா? பேனாவைத் திறந்து 'புதன்' என்று நடுவில் ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன். 'பு' வரை வந்தது. அதோடு பேனாவை மூடிவிட்டேன்.

பார்க்கிங்கில் குமரேசன் தாளை வாங்கினான்.

"இன்னா சார், 'பு'ன்னு ஒண்ணு தனியா நிக்குது?"

"பேனா எழுதுதான்னு பாத்தேன்பா."

"சரி. ஏன் வாடை வருது? தின்னர். நான் பெயின்ட் ஷாப்ல ஆறு வருஷம் இருந்தவன், மூக்கு பொய் சொல்லாது. ஏன் தின்னர்? எவனோ ஸ்ப்ரே அடிக்கிறான். ஏன் பால்கனில வராம டக்ட்ல மட்டும் வருது?" தாளில் விரலை ஓட்டினான். "ஏன் ஞாயித்துக்கிழம மட்டும்? அன்னிக்குத்தான் எந்தக் கம்பெனிலயும் லைனே ஓடாதே." தாளிலிருந்து நிமிர்ந்தான். "அப்போ அஞ்சாவது ஏன்..."

அப்போது தனம் படியிறங்கி வந்தார். கையில் ரேவதியின் பை. பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரேவதி. வாசலில் ஆட்டோ வந்து நின்றிருந்தது.

"இன்னிக்கும் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோ சொல்லிட்டேன்," என்றார் தனம்.

ரேவதி என்னைத்தான் பார்த்தாள். வாக்குக் கொடுத்த ஆள் நான்தானே.

"அந்தக் கம்பெனி நான்தான் தனம்," என்றேன்.

குட்டிக் கார், ஃபேன், குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். தனம் பையைக் கீழே வைத்தார்.

"பொம்ம காருக்கு பெயின்டு அடிச்சியா? மூணு வாரமா அந்தக் கம்பெனிக்காரன் வெளங்காம பூடணும்னு சாமி கும்புட்டுக்கினு கீறேண்ணா. அத்தினியும் உன் மேலதான் வந்து வுழுந்துருக்கும்."

"அதான் முதுகு புடிச்சிருக்கு," என்றேன்.

முதலில் சிரித்தது ரேவதிதான். "நீ பையை மேல எடுத்துனு போ, மா," என்றாள்.

மணிமங்கலத்தில் என் நண்பன் ஒருவன் நாலு பக்கமும் திறந்த ஷெட்டில் கிரில் கேட் செய்கிறான். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நேர் கீழே தின்னர் அடிப்பதை விட அங்கே அடிப்பது மேல் என்று இவ்வளவுக்குப் பிறகு எனக்கே புரிந்தது. குமரேசன் ஒரு பக்கம் பிடிக்க, ஃபேனும் குழாயுமாகப் பெட்டியைக் கீழே இறக்கினோம்.

ரேவதிக்குச் சொன்ன ஆட்டோவில் அதுதான் போனது.