ஆறாவது ஊசி

தையல்காரிக்குப் பயம் கூடப் பிறந்தது. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். அணைத்த அடுப்பை, தெருமுனைவரை போனவள் திரும்பி வந்து இன்னொரு முறை அணைப்பாள். சின்ன வயதில் அவள் வேலை பார்த்த தையல் கடையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஆளுக்கு ஆறு ஊசி, மாலையில் ஆறையும் எண்ணிக் கொடுத்தால்தான் வீட்டுக்குப் போகலாம். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆன பிறகும், முன்னறையில் சொந்த மெஷின் போட்ட பிறகும், விளக்கு வைக்கும் நேரத்தில் ஆறு ஊசியையும் எண்ணாமல் அவள் எழுந்ததில்லை. தெருவில் அவளுக்கு 'எண்ணிக்கை அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

புகுந்த வீடு தச்சர் வீடு. கணவர் தச்சர், காலமான மாமனாரும் தச்சர். அதனால் தச்சுவேலை செய்த புனித சூசையப்பரின் திருநாள் அவர்களுக்கு வீட்டுக் கல்யாணம் மாதிரி. வேலை கிடையாது, உளி சுத்தியலுக்கெல்லாம் ஓய்வு. விடிவதற்குள் சோம்பும் உலர்திராட்சையும் சேர்த்து மாவு பிசைந்து, மணை அகலத்துக்கு ஒரே ஒரு பெரிய ரொட்டி சுட வேண்டும். கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வந்து, மதியச் சாப்பாட்டில் மாமியார் அதைக் கையால் பிட்டுக் கொடுப்பார். முதல் துண்டு வீட்டிலேயே சின்னப் பிள்ளைக்கு. அந்த ரொட்டிமேல் இரும்பு படவே கூடாது, கத்தி மேஜைப் பக்கமே வரக்கூடாது. சூசையப்பரே மாமியார் கனவில் வந்து சொன்னாராம். "ரொட்டி சுடற தட்டு மட்டும் தங்கமாம்மா?" என்று நாத்தனார் ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மாமியார் லேசுப்பட்டவர் இல்லை. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒரே ஒரு விஷயத்தில்தான் ஆள் பஞ்சாக இளகிவிடுவார். நாற்பத்து நாலு வயது மகன் லேசாக இருமினால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் தண்ணீரோடு ஓடி வந்து நிற்பார். பெண்டாட்டி ஒருத்தி இருக்கிறாளே என்ற நினைப்பே இல்லாத இந்தப் பாசம் தையல்காரிக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். வாய் திறந்து சொன்னதில்லை.

இந்த வருஷம் மாமியாரின் கைநடுக்கம் அதிகமாகிவிட்டது. "நீயே பிசைஞ்சிரும்மா" என்றார். பதினேழு வருஷத்தில் முதல் தடவை. தையல்காரிக்குப் பெருமையும் உதறலும் சேர்ந்தே வந்தன. மாவில் கை வைக்கப் போன நேரத்தில் கணவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார், பட்டன் தொங்குகிறது என்று. நீல நூலைக் கோத்து நாலு குத்து குத்தித் தைத்துக் கொடுத்தாள். ஊசியை எப்போதும்போல இடது தோளில் செருகிக்கொண்டு மாவுக்குத் திரும்பினாள்.

கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தில் இருந்தார். ரொட்டி பீடத்துப் படியில், வெள்ளைத் துணி போர்த்தி இருந்தது. அவள் கை தன்னால் இடது தோளுக்குப் போனது. அங்கே ஊசி இல்லை.

வலது தோளைத் தடவினாள், காலரைத் தடவினாள், முந்தானையை உதறினாள். "என்ன அண்ணி, எறும்பா?" என்றாள் பக்கத்தில் இருந்த நாத்தனார். அவள் மடியில் மூன்று வயது மகள், இன்றைக்கு முதல் துண்டு வாங்கப் போகிறவள், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். தையல்காரிக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. வழியில் எங்காவது விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த நொடியே மாவுக்குள் தோள்வரை சாய்ந்து சாய்ந்து அழுத்தியது ஞாபகம் வந்தது.

பூசை முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். தையல் மேஜையில் ஐந்து ஊசி. இன்னொரு தடவை எண்ணினாள், ஐந்துதான். சிந்திய ஊசி பொறுக்க வைத்திருந்த காந்தத்தை எடுத்துச் சமையலறைத் தரையில் இழுத்தாள். ஒரு கொக்கி வந்தது, துருப்பிடித்த ஆணி ஒன்று வந்தது. ஊசி வரவில்லை. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

சொல்லிவிட வேண்டியதுதான். அதற்காகத்தான் மூன்று முறை வாயைத் திறந்தாள். முதல் முறை மாமியார், "சூப்பு சூடா இருக்கா பாரு" என்றார். இரண்டாம் முறை நாத்தனார் ரொட்டியை முகர்ந்து, "அம்மா சுட்டது மாதிரியே மணக்குது" என்றாள். மூன்றாம் முறை தானே தட்டு எடுக்க உள்ளே போய்விட்டாள். மந்திரித்த ரொட்டி, இரும்பு படாத ரொட்டி, அதற்குள் ஊசியை வைத்துச் சுட்டவள் இவள். இனி இந்த வீட்டில் மாவுப் பாத்திரத்தைத் தொட விடுவார்களா? போகட்டும், அது பெரிதில்லை. அந்தப் பிள்ளையின் தொண்டை எவ்வளவு சின்னது!

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாமியார் சிலுவை போட்டு, நடுங்கும் கையால் ஓரத்தைப் பிட்டார். பிள்ளை வாயை ஆவென்று திறந்தது.

தையல்காரி எட்டிப் பாய்ந்து அந்தத் துண்டைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

பிள்ளை வீறிட்டது. "அண்ணி! பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று நாத்தனார் எழுந்துவிட்டாள். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டு நாக்கால் தடவித் தடவி மென்றாள். ஒன்றும் குத்தவில்லை. விழுங்கிவிட்டு, இத்தனை வருஷத்தில் அந்த வீடு கேட்டிராத குரலில் கத்தினாள்.

"யாரும் தொடாதீங்க! உள்ள என் ஊசி இருக்கு!"

கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நாத்தனார் மகளை வாரி அணைத்துக்கொண்டாள். மாமியார் திட்டவில்லை, ரொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெளுத்துப்போன முகத்தோடு, "விரிப்பு எடுத்துட்டு வா. உன் காந்தத்தையும் எடுத்துட்டு வா" என்றார்.

வெள்ளை விரிப்பில் போட்டு மாமியாரும் மருமகளும் ரொட்டியைத் துகள் துகளாக உதிர்த்தார்கள். வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. பாதிக்குமேல் உதிர்த்த பிறகு மாமியாரின் விரல் நின்றது. திராட்சைக்குப் பக்கத்தில் நீல நூல் ஒரு இழை. காந்தத்தைக் காட்டியதும் ஊசி குதித்து வந்து ஒட்டிக்கொண்டது. தையல்காரி அங்கேயே சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"மன்னிச்சிருங்க அத்தை. காலையிலயே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் மாமியார்.

தையல்காரிக்குப் புரியவில்லை. மாமியார் உதிர்ந்த ரொட்டியைக் கையால் ஒதுக்கிக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. உன் புருஷனுக்கு அப்ப மூணு வயசு, முதல் துண்டு அவனுக்குத்தான். மாவு பிசைஞ்சு முடிச்சுப் பாக்கறேன், தோள்ல குத்தியிருந்த குண்டூசியக் காணோம். மாமியாருக்குப் பயந்து நான் மூச்சு விடல. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் ஒவ்வொருத்தர் வாயா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அடுத்த வருஷந்தான் சூசையப்பர் கனவுல வந்து சொன்னார்னு சொன்னேன், கத்தி படக்கூடாது, கையாலதான் பிக்கணும்னு. கையால பிட்டா விரல்ல தட்டுப்படுமே."

"அப்ப கனவு..."

"கனவாவது ஒண்ணாவது! தூங்கினாத்தானே கனவு வரும்."

தையல்காரி காந்தத்தையே பார்த்தாள். "அந்தக் குண்டூசி, அத்தை?"

"கிடைக்கவே இல்ல."

அந்தப் பக்கம் நாத்தனார் துகளைக் கிண்ணங்களில் அள்ளிப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திக் கரண்டியை நக்கியது. கணவர், "பிட்டா என்ன, உதிர்த்தா என்ன, சூசையப்பர் கோவிச்சுக்க மாட்டார்" என்று சிரித்தபடி ஒரு வாய் போட்டுக்கொண்டு, சிரிப்பு முடிவதற்குள் இருமினார்.

இரண்டு பெண்களும் ஒன்றாக எழுந்தார்கள். மாமியாருக்கு முந்தி தையல்காரி தண்ணீரை நீட்டினாள்.