ஊறப்போட்ட றேஸ் போட்

“போட்டுத் தண்ணியை இறைச்சது நீர்தான்!”

“நான் ஏன் இறைக்கிறன்? எனக்கென்ன வேறை வேலை…”

“வேறை ஆர் இருக்கினம் இந்தக் கரையிலை? நானே எழும்பிப் போய்…”

“என்ரை கையைப் பாருங்கோ. ஒரு கொப்புளம் இருக்கோ? பதினெட்டு அடி போட்டை ஒரு பொம்பிளை தனிய…”

“காணி தரமாட்டன் எண்டு வாயாலை சொல்லும். இப்பிடிக் களவாய் வந்து கெடுக்காதையும்!”

1966ஆம் ஆண்டு, வைகாசி மாதம். விடிய ஐந்தே முக்கால். மண்கும்பான் கடற்கரையில் கத்திக்கொண்டு நின்றது நானும் என் கணவர் தியாகலிங்கமும்.

நான் கதை கட்டுகிறவள் அல்ல. வயது எழுபத்தெட்டு. பொய் சொல்லி இனி எனக்கு ஒரு லாபமும் இல்லை. என் கையில் மணிக்கூடு கட்டியிருந்தேன். அதனால் நேரம்கூடத் தப்பாமல் சொல்லுவேன்.

அந்த போட் திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரத் துரை பந்தயம் ஓட வைத்திருந்தது. துரை சீமைக்குப் போன பிறகு எட்டு வருடம் ஒரு கொட்டிலில் கிடந்திருக்கிறது. தரகன் ஒருவன் மலிவு என்று சொல்லி இவரின் தலையில் கட்டிவிட்டான். நயினாதீவுத் திருவிழாவுக்கு வருகிற கொழும்புக் காசுக்காரரைப் பத்து நிமிடத்தில் கொண்டுபோய் இறக்கலாம் என்பது இவரின் நினைப்பு.

எஞ்சினைத் திறந்தால் உள்ளே முழுக்கத் துரு. கொழும்பிலிருந்து சாமான் வந்தது, அளவு பிழை. திருப்பி அனுப்பினோம். வந்தது, அதுவும் பிழை. இவரின் கிளாக்கர் சம்பளம் போனது. என் சங்கிலி போனது. ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுத்தான்.

“இதுதான் மனோகரி கடைசிச் செலவு.”

“போன மாசமும் இதைத்தான் சொன்னனீங்கள்.”

“போன மாசம் சொன்னது எஞ்சினுக்கு. இது பலகைக்கு.”

மிஞ்சியிருந்தது புளியங்கூடலில் என் சீதனக் காணி ஒன்றுதான். அது மகள் மீனலோசனிக்கு. அவளுக்கு அப்போது ஐந்து வயது. அதை ஈடு வைக்க என் ஒப்பம் வேண்டும். நான் ஒப்பம் வைக்க மாட்டேன் என்று நின்றேன்.

அந்த நேரத்தில்தான் போட்டை ஊறப்போட்டார்கள்.

வள்ளம் கட்டுகிற ஓடாவி குருசுமுத்து சொன்ன வழி அது. “காய்ஞ்ச மரம் அக்கா. பலகைக்குப் பலகை விரல் போகுது. கடல் தண்ணிக்கை தாட்டு வைச்சால் பலகை பொருமி, இடுக்கு தானாய் மூடும். ஏழு நாள் கிடக்கட்டும்.” எங்கள் தீவுகளில் வள்ளத்துக்குச் செய்வது அப்படித்தான். எஞ்சினைக் கழற்றிவிட்டு, தொடையளவு தண்ணீரில் மண் மூட்டைகளைப் பாரம் ஏற்றி, விளிம்புவரை தாட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் விடிய வந்து பார்த்தால் போட் மிதக்கிறது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூட்டைகள் கரையில், ஒன்றன்மேல் ஒன்றாக, நேராக அடுக்கியிருந்தன.

வெயில் ஏற, பலகை இன்னும் வெடித்தது. குருசுமுத்து திரும்பவும் இடுக்குக்குப் பஞ்சு அடித்தான். திரும்பவும் கூலி. திரும்பவும் தாட்டோம். விடிய, திரும்பவும் மிதந்தது.

மூன்று முறை.

குருசுமுத்து மட்டும் ஒரு விஷயம் கேட்டான். “இடுக்கெல்லாம் திறந்து கிடக்குது. இறைச்சாலும் உடனை நிரம்பவேணும். என்னெண்டு அக்கா காய்ஞ்சு கிடக்குது?”

அதை இவர் காதில் விழுத்தவில்லை. இவருக்குக் கள்ளி ஒருத்திதான் தெரிந்தாள். அது நான்.

நாலாம் முறை விடியத் தாட்டுவிட்டு, இவர் உடனேயே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனார். வேலை முடிய, புறக்கிராசி என்கிற வக்கீலிடம் ஈட்டு உறுதிப் பத்திரம் எழுதுவிக்க. பிள்ளை வேலணையில் என் அக்கா வீட்டில். நான் தனிய.

மைமல் நேரம், பொழுதுபடுகிற வேளை. ஆறு முப்பத்தைந்து. கரையில் கட்டிய ஆட்டை அவிழ்க்கப் போனேன். ஆடு வரவில்லை. கயிற்றை இழுத்தேன். கால்களை ஊன்றிக்கொண்டு கடலையே பார்த்தபடி நின்றது.

அப்போதுதான் கேட்டது.

சளக்…

சர்ர்ர்…

சளக்…

சர்ர்ர்…

தகரத்தால் தண்ணீர் அள்ளி வெளியே வீசுகிற சத்தம். எனக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷம் வந்தது. கள்ளன் அகப்பட்டான்! பிடித்து இவருக்கு முன்னால் நிறுத்தலாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன்.

“ஆரடா அது? ஏன்ரா எங்களைக் கெடுக்கிறாய்?”

சத்தம் நிற்கவில்லை.

ஆறு நாற்பது. மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. போட் முழுக்கத் தெரிந்தது. அதற்குள் ஆள் இல்லை.

குனிந்திருக்கிறான் என்று நினைத்தேன். கிட்டப் போனேன். பத்து அடி. ஐந்து அடி.

உள்ளிருந்து தண்ணீர் எழும்பியது. கடல் பக்கமாய் விழுந்தது.

ஆள் இல்லை.

திரும்பவும் எழும்பியது. விழுந்தது.

ஆள் இல்லை…

விளிம்பில் கை வைத்தேன். சத்தம் நின்றது.

உள்ளே தண்ணீர் இல்லை. வெறும் பலகை. நடுவில் வாயைச் சரித்து வெட்டிய ஒரு தகரம். நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தகரம் அல்ல.

பிறகு ஒரு மூச்சு.

ஆண் மூச்சு. ஓடிக் களைத்தவன் இரைப்பதுபோல.

என் முகத்துக்கு நேரே…

சூடாக.

சாட்சிக்கு அந்தத் தகரத்தை எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. கரைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. ஏழு பத்து. முகத்தில், பஸ்ஸால் இறங்கி வந்த இவரின் டோர்ச் வெளிச்சம் விழுந்தது.

“ஆகா! கையும் தகரமுமாய்!”

“இஞ்சாருங்கோ… போட்டுக்கை…”

“சேலை நனைஞ்சிருக்கு. போட் மிதக்குது. கையிலை தகரம். இன்னும் என்ன கதை?”

“முப்பது நிமிசத்திலை நான் இறைச்சு முடிப்பனோ? ரெண்டு ஆம்பிளையள் மூண்டு மணித்தியாலம் இறைக்கவேணும்!”

“வீம்பு வந்தால் நீர் கடலையும் இறைப்பீர்.”

தகரத்தைப் பிடுங்கி, கடலுக்குள் தூர எறிந்தார். எனக்கு அழுகை வந்தது. பயத்தில் அல்ல, ஆத்திரத்தில். இரவு முழுக்கக் கதவுக்குப் பின்னால் நின்று யோசித்தேன். விடிய அவர் உறுதியையும் பேனையையும் மேசையில் வைத்தார்.

“ஒப்பத்தை வையும்.”

“வைக்கிறன். ஆனால் இண்டைக்கு மைமலுக்கு நீங்கள் என்னோடை கரையிலை நிக்கவேணும். ஒண்டும் நடக்காட்டில் அந்த இடத்திலையே வைக்கிறன்.”

“சத்தியமாயோ?”

“சத்தியமாய்.”

இனித் தாட்டுப் பலனில்லை என்று, அன்று பகல் குருசுமுத்து ஆட்களைப் பிடித்து போட்டைக் கரையில் ஏற்றி, தண்ணீருக்கு இருபது முழம் தள்ளிக் கட்டைகளில் இருத்தினான். பின்னேரம் தன் மாமன் எமிலியானுசையும் கூட்டிக்கொண்டு வந்தான். மனுசன் திருகோணமலைத் துறைமுகத்தில் இருபது வருடம் எஞ்சின் ஓட்டியவர். போட்டின் மூக்கைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார்.

“இதை ஆர் உங்களுக்கு வித்தது?”

“ஏன் அண்ணை?” என்றேன்.

“ஐம்பத்தேழிலை றேஸ் நடந்த அண்டு இது அடியிலை உடைஞ்சு தண்ணி ஏறினது. வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமாய்த் துரை வேறை போட்டிலை ஏறிக் கரைக்குப் போனார். வேலைக்காரப் பெடியன் யாக்கோப்பை விட்டிட்டு. ‘நான் வந்து போதும் எண்டு சொல்லுமட்டும் இறை. கையை எடுக்காதை’ எண்டு.”

“பிறகு?”

“துரை கிளப்பிலை குடிச்சார். மறந்து போனார். விடியப் போய்ப் பாத்தம். போட் மிதக்குது. உடைஞ்ச ஓட்டை அப்பிடியே கிடக்குது. உள்ளுக்கை ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. பெடியன் மட்டும்… தகரத்தைப் பிடிச்சபடி செத்துக் கிடந்தான். அந்தத் தகரத்தைக் கையிலையிருந்து கழட்ட ஏலாமல், அதோடைதான் புதைச்சவை.”

இவர் சிரித்தார். “மனோகரி, இந்த அண்ணைக்கு எவ்வளவு குடுத்துக் கூட்டிவந்தனீர்?”

எமிலியானுஸ் குருசுமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஆறு முப்பது. இவரும் நானும் மட்டும். கந்தோர் வேலைக்குப் போன வெள்ளைக் காற்சட்டையோடும் தொப்பியோடும் இவர் போட்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு கையில் உறுதி, மறு கையில் பேனை.

ஆறு நாற்பது. ஒன்றுமில்லை.

ஆறு நாற்பத்தைந்து. ஒன்றுமில்லை.

“சத்தியம் பண்ணினனீர்,” என்று பேனையை நீட்டினார்.

நான் வாங்கினேன். என்ன செய்ய? காகிதத்தை விளிம்பில் வைத்து, ‘ம’ எழுதினேன். அந்த ஓர் எழுத்தோடு அந்த உறுதி இன்றைக்கும் என் அலுமாரியில் கிடக்கிறது.

கறக்…

தகரம் பலகையில் உரசியது.

காய்ந்த பலகையில். தண்ணீரே இல்லாத போட்டுக்குள்.

கறக்… கறக்…

கெதியாய். இன்னும் கெதியாய்.

இவரின் முகம் வெளிறியது. ஓடத் திரும்பினார்.

சத்தம் நின்றது.

ஆறு ஐம்பத்திரண்டு.

மூச்சு இரைத்தது. முதலில் உள்ளே. பிறகு விளிம்பில். பிறகு இவரின் தொப்பிக்குக் கீழே, காதோரம்.

“போதுமோ, துரை?”